ஸ்போர்ட் குவாடுக்கு ஆஃப்டர்மார்க்கெட் கிளட்ச்: தேர்வு முதல் கடைசி அட்ஜஸ்ட்மென்ட் வரை

கிளட்ச் நழுவுகிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் வாங்குவது கெட்டியான ஸ்பிரிங் செட். கொஞ்சம் பொறுங்கள். லீவரில் ப்ளே (கேபிள் இறுகும்முன் சும்மா அசையும் தூரம்) இல்லாமல் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் கிளட்ச் நழுவும். தவறான ஆயில் ஊற்றியிருந்தாலும் நழுவும். பிளேட் தேய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும் நழுவும். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும்: எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கிளட்ச் கிட் வாங்கினால், புதுக் கிட்டும் அதே காரணத்தால் எரிந்துபோகும். அதனால் பிரித்துப் பார்த்து அளந்த பிறகே வாங்குங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது.

இங்கே பேசுவது கையால் இயக்கும் கிளட்ச் உள்ள ஸ்போர்ட் குவாடுகளை, அதாவது மண்ணிலும் மணலிலும் வேகமாக ஓட்டும் நான்கு சக்கர ஏடிவிகளைப் பற்றி: யமஹா ஒய்எஃப்ஸெட்450ஆர், ராப்டர் 700, ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர், சுசுகி எல்டி-ஆர்450, கவாசாகி கேஎஃப்எக்ஸ்450ஆர், பழைய இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பான்ஷி போன்றவை. பெல்ட்டில் ஓடும் பெரிய வேலைக்கார ஏடிவிகளின் கிளட்ச் வேறு வகை.

குவாட் ஏன் கிளட்ச்சைத் தின்கிறது?

எஞ்சினின் சக்தி முதலில் பாஸ்கெட் என்ற கூடை போன்ற வெளி உறைக்கு வருகிறது. பாஸ்கெட்டின் விரல்களுக்கு நடுவே ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளின் காதுகள் மாட்டியிருக்கும். அவற்றுக்கு இடையில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஸ்டீல் பிளேட்டுகள் இருக்கும். அவற்றின் உள்பக்கப் பற்கள் நடுவில் உள்ள ஹப்பைப் பிடித்துக்கொள்ளும். ஹப் கியர்பாக்ஸ் ஷாஃப்டோடு சுற்றும். மேலே பிரஷர் பிளேட், அதை அழுத்தும் ஐந்தோ ஆறோ ஸ்பிரிங்குகள். லீவரை இழுத்தால் பிரஷர் பிளேட் சற்று விலகும், அடுக்கு தளரும். அவ்வளவுதான் அமைப்பு.

இந்த அடுக்கு எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் உராய்வுத் தன்மை, பிளேட்டின் ஆரம், உரசும் பரப்புகளின் எண்ணிக்கை. 7 ஃபிரிக்‌ஷன் பிளேட் இருந்தால் உரசும் பரப்பு 14. இன்னொரு பிளேட் சேர்க்க முடிந்தால் 16. லீவர் துளியும் கனக்காமல் பிடிப்பு சுமார் 14 சதவீதம் கூடும். ஸ்பிரிங்கை மாற்றினால் பிடிப்பு கூடுவதோடு லீவரும் கனக்கும். கிட் தேர்வில் நடக்கும் பேரம் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

அதே 450 சிசி எஞ்சின் மோட்டோகிராஸ் பைக்கில் இருக்கும்போது கிளட்ச் அதிக நாள் உழைக்கும். குவாடில் எடை கூடுதல். அகலமான இரண்டு பின்சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் இறுகியிருப்பதால் இரண்டும் சேர்ந்தே மண்ணைப் பிடிக்கும். சக்கரம் வழுக்கினால் கிளட்ச் தப்பிக்கும். சக்கரம் பிடித்துக்கொண்டால் பளு முழுக்கக் கிளட்ச்சில் இறங்கும். மணல்மேட்டில் பேடில் டயர் (துடுப்பு போன்ற பட்டைகள் உள்ள டயர்) போட்டு ஓட்டுபவர்களுக்குக் கிளட்ச் சீக்கிரம் போவது இதனால்தான்.

பெரிய டயர் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரின் விட்டம் கூடினால் ஃபைனல் கியரிங் நீண்டதற்குச் சமம். கிளட்ச் ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் உரசித்தான் வண்டியை நகர்த்தும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு ஸ்ப்ராக்கெட்டின் செலவு முழுக் கிளட்ச் கிட்டின் செலவுக்கு அருகில்கூட வராது.

வாங்குவதற்கு முன் சோதனை

முதலில் லீவர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது லீவர் நுனியை விரலால் லேசாக இழுங்கள். கேபிள் இறுகும்வரை நுனி சும்மா அசையும் தூரம்தான் ப்ளே. பெரும்பாலான மாடல்களில் இது 8 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்; சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிறகு ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ப்ளே மறைந்துவிட்டால் கேபிள் போகும் பாதை தவறு. திருப்பங்களில் மட்டும் கிளட்ச் நழுவுவதாகத் தோன்றினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது ஆயில். கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி வேலை செய்கிறது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்று போட்டது உராய்வு குறைந்த ரகம். கியர்லெஸ் ஸ்கூட்டருக்குச் சரி, ஈரக் கிளட்ச்சுக்கு ஆகாது. எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த கார் ஆயில்களும் வேண்டாம். தவறான ஆயில் ஊற்றியிருந்தால் மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் நழுவல் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடானதும், திறந்த இடத்தில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் நடுத்தர வேகத்தில் போய், லேசான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் துள்ளி ஏறி, வண்டி பின்தங்கினால் நழுவல் உறுதி. மாறாக, லீவரை முழுக்க இழுத்தும் வண்டி ஊர்ந்தால், நியூட்ரல் விழ மறுத்தால், அது பிடித்துக்கொள்ளும் கோளாறு. நழுவலுக்கு ஸ்பிரிங்கும் பிளேட்டும் மருந்து. பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் பாஸ்கெட்டோ, வளைந்த ஸ்டீல் பிளேட்டோ, கேபிளோதான் காரணம்; அதற்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டு ஒரு பயனும் இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஆயில் பிளேட்டுகளைக் கொஞ்சம் ஒட்டவைப்பது இயல்பு; சூடானதும் போய்விட்டால் கவலை வேண்டாம்.

பிரிப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, ஆயிலை வடித்துவிடுங்கள். வலப்பக்கக் கவரைக் கழற்றப் பெரும்பாலான மாடல்களில் பிரேக் பெடலை அகற்ற வேண்டியிருக்கும். கவர் போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கி கிராங்க்கேஸை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிரஷர் பிளேட் வந்ததும் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள். சில மாடல்களில் ஒரு ஃபிரிக்‌ஷன் பிளேட் மட்டும் உள்வட்டம் பெரிதாக இருக்கும். அதற்குள் ஒரு தட்டை வளையமும், சற்றுக் குழிந்த ஒரு ஸ்பிரிங் வளையமும் உட்கார்ந்திருக்கும். வண்டி கிளம்பும்போது வரும் நடுக்கத்தைக் குறைக்க வைத்தவை இவை. குழிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளக்கலாம். ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் தடிமனை வெர்னியரில் மூன்று நான்கு இடங்களில் அளந்து மேனுவல் எல்லையோடு ஒப்பிடுங்கள். புதுப் பிளேட் சுமார் 3 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டரின் சில பத்தில் பங்கு தேய்ந்தாலே ஆயுள் முடிந்தது. கண்ணுக்குப் புதிது போலத்தான் தெரியும். தடிமன் இருந்தும் மேற்பரப்பு கண்ணாடி போல் மினுங்கினால், எரிந்த வாடை அடித்தால், அதுவும் போனதுதான். ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, விளிம்பில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் அளக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளக்க வேண்டும். ஒன்று குட்டையானாலும் முழு செட்டையும் மாற்றுவதே முறை.

கடைசியாக பாஸ்கெட். விரல்களின் பக்கச்சுவரில் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்து வெட்டிய பள்ளங்கள் நகத்தில் தட்டும். லீவரை இழுக்கும்போது பிளேட் இந்தப் பள்ளங்களில் சிக்கி விலகாமல் நின்று, பிறகு திடீரென்று நகரும். கிளட்ச் வெட்டி வெட்டிப் பிடிக்கிறது என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான். மெல்லிய தடத்தை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆனால் அது தற்காலிகம். ஆழமான பள்ளம் என்றால் பாஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும். ஹப்பின் பற்களையும் இதே போல நகத்தால் தடவிப் பாருங்கள்.

எதை வாங்குவது?

எஞ்சினில் எந்த வேலையும் செய்யாதவர்களுக்கு, நிறுவனத்தின் அசல் தரத்துக்கு இணையான ஃபிரிக்‌ஷன் பிளேட், புது ஸ்டீல் பிளேட், புது ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்த முழு செட் போதும். என் கருத்தில் பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பழைய ஸ்டீலோடு புது ஃபிரிக்‌ஷன் போட்டு மிச்சம் பிடிப்பது வேண்டாம். வளைந்த ஸ்டீல், புதுப் பிளேட்டைச் சீக்கிரமே பழையதாக்கிவிடும்.

ஃபிரிக்‌ஷன் பொருளில் மூன்று வகைகளை அதிகம் பார்ப்பீர்கள். கார்க் கலந்தது மென்மையாகப் பிடிக்கும், கைக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கடும் சூட்டைத் தாங்காது. கெவ்லார் என்று பொதுவாகச் சொல்லப்படும் அராமிட் நார் கலந்தது சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். பிடிக்கும் விதம் சற்று வேறாக இருக்கும், பழக வேண்டும். கார்பன் கலந்தவையும் சூடு அதிகமுள்ள ஓட்டத்துக்கானவை. பாறைகளுக்கு நடுவே மெதுவாக ஏறி இறங்குபவருக்குக் கார்க்கின் நயம் உதவும். ஓட்டம் முழுக்க லீவரைத் தட்டிக்கொண்டே இருக்கும் பந்தயக்காரருக்கு அராமிட்.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருவோம். கடையில் கிடைக்கும் கெட்டி ஸ்பிரிங்குகள் பொதுவாக அசலைவிட 10 முதல் 20 சதவீதம் கெட்டியானவை. பெரிய பிஸ்டன், கேம்ஷாஃப்ட், டர்போ என்று எஞ்சினின் டார்க்கைக் கூட்டியவர்களுக்கு இவை தேவை. மற்றவர்களுக்கு முன்கை வலிதான் மிச்சம். கை சோர்ந்தவர் லீவரைப் பாதி இழுத்தபடியே ஓட்டுவார், கிளட்ச் இன்னும் சூடாகும். ஆறு ஸ்பிரிங் உள்ள வண்டியில் நடுவழி ஒன்று உண்டு: மூன்று கெட்டி, மூன்று அசல், ஒன்றுவிட்டு ஒன்றாக. ஐந்து ஸ்பிரிங் உள்ளதில் இப்படிச் செய்யாதீர்கள். அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பாஸ்கெட் மாற்றுவதாக இருந்தால், ஹின்சன் போன்றவர்கள் செய்யும் பில்லெட் பாஸ்கெட்டுகள் நல்ல முதலீடு. அச்சில் வார்த்த அசல் அலுமினியத்தைவிட, கட்டியிலிருந்து கடைந்து மேற்பரப்பைக் கடினமாக்கிய அலுமினியத்தில் பள்ளம் விழுவது தாமதமாகும். ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: அசல் பாஸ்கெட்டின் பின்னால் உள்ள பெரிய கியரைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். அது ரிவெட் அடித்து இருக்கும். ரிவெட் தலையைத் துளைத்தோ அரைத்தோ எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் ரப்பர் குஷன்களையும் புதிதாகப் போட்டு, கொடுத்த ஸ்குரூக்களை மரையைப் பூட்டும் பசையோடு முறுக்க வேண்டும். இதற்குக் கருவி இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ரெக்லூஸ் போன்ற தானியங்கிக் கிளட்ச்சுகள் வேறு ரகம். ஆர்பிஎம் ஏறும்போது மையவிலக்கு விசையால் விரியும் ஒரு தட்டு, அடுக்கை அழுத்திப் பிடிக்கும். எஞ்சின் அணையாது, ஏற்றத்தில் நின்று கிளம்புவது எளிது, கைவலி உள்ளவர்களுக்கு உண்மையான வரம். ஆனால் எஞ்சின் ஓடாதபோது கியரில் போட்டாலும் வண்டி உருளும், அதனால் பார்க்கிங் பிரேக் கச்சிதமாக வேலை செய்ய வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் மறந்துவிடுங்கள். நேர்கோட்டு டிராக் ஓட்டத்துக்கு லாக்கப் கிளட்ச் இருக்கிறது: ஆர்பிஎம் ஏற ஏற எடைக் கைகள் பிரஷர் பிளேட்டைக் கூடுதலாக அழுத்தும். சாதாரணப் பாதையில் ஓட்டுபவருக்கு அது தேவையில்லை.

பொருத்துவது

புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளை, எஞ்சினில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் குறைந்தது அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. உலர்ந்து போட்டால் முதல் உரசலிலேயே கருகத் தொடங்கும். ஊறும் நேரத்தில் கவரிலும் கிராங்க்கேஸிலும் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். துணுக்குகள் எஞ்சினுக்குள் விழாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

ஹப்பைக் கழற்றியிருந்தால், அதன் நடு நட்டை டார்க் ரென்ச்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு முறுக்கி, மடக்கும் வாஷரைப் புதிதாகப் போட்டு மடக்குங்கள். ஹப் சுற்றாமல் பிடிக்க அதற்கான கருவியைப் பயன்படுத்துங்கள். கியர்களுக்கு இடையே ஸ்குரூடிரைவரைச் சொருகிப் பிடிப்பது பல் உடைய வழி.

முதலில் ஃபிரிக்‌ஷன், பிறகு ஸ்டீல், மறுபடி ஃபிரிக்‌ஷன் என்று மாறி மாறி அடுக்கி, ஃபிரிக்‌ஷனில் முடியுங்கள். ஸ்டீலின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறுவிளிம்பு மழுங்கியும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். சில பாஸ்கெட்டுகளில் கடைசி ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் பக்கத்திலுள்ள தனிக் குழிகளில் உட்கார வேண்டும். எடுத்துவைத்த படத்தைப் பாருங்கள்.

இனி வருவது இந்த வேலையிலேயே அதிகம் தவறும் இடம். பிரஷர் பிளேட்டின் உள்பக்கப் பற்கள் ஹப்பின் பற்களோடு சரியாகக் கோத்து உட்கார வேண்டும். பல மாடல்களில் இரண்டிலும் ஒரு புள்ளியோ அம்புக்குறியோ இருக்கும். இரண்டும் நேராக வர வேண்டும். பல் பல்லின் மேல் ஏறி நின்றாலும் போல்ட் முறுக முறுக இறங்குவது போலவே இருக்கும், ஆனால் பிளேட்டுகள் அழுந்தாது. வண்டி நகரவே நகராது, அல்லது பிரஷர் பிளேட் உடையும். ஸ்பிரிங் போடுவதற்கு முன் பிரஷர் பிளேட்டைக் கையால் அழுத்தி, இடைவெளியே இல்லாமல் அடுக்கின் மேல் உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பாருங்கள். பிறகு ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, படிப்படியாக முறுக்குங்கள். இவை சின்ன போல்ட்டுகள். பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். கையின் கணக்கில் முறுக்கினால் ஹப்பின் தூணில் உள்ள மரை கழன்றுவிடும்.

கேபிள் இழுத்ததும் பிரஷர் பிளேட்டை விலக்கும் தள்ளும் கை, கவரில் இல்லாமல் கிராங்க்கேஸில் உள்ள மாடல் என்றால், கவரை மூடுவதற்கு முன் ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். பிரஷர் பிளேட் சுற்றிலும் ஒரே அளவு, பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், நேராக எழ வேண்டும். சாய்ந்து எழுந்தால் ஏதோ ஒரு ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை.

அட்ஜஸ்ட் செய்வது

வரிசை முக்கியம்: உள்ளிருந்து வெளியே. பான்ஷி போன்ற சில யமஹாக்களில் பிரஷர் பிளேட்டின் நடுவிலேயே லாக் நட்டோடு ஒரு ஸ்குரூ இருக்கும். கிராங்க்கேஸ் மேலுள்ள தள்ளும் கையை, தடுக்கும்வரை விரலால் தள்ளிப் பிடித்தால், அதன் முனை கிராங்க்கேஸில் உள்ள குறிக்கு நேராக வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்து லாக் நட்டை இறுக்குங்கள். பிளேட் அடுக்கின் உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும். கேபிளில் மட்டும் சமாளித்தால் தள்ளும் கை தவறான கோணத்தில் இழுபட்டு, லீவர் காரணமில்லாமல் கனக்கும்.

அடுத்து கேபிள். லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஓரிரு சுற்று மட்டும் வெளியே எடுங்கள். எஞ்சின் பக்கத்திலோ கேபிளின் நடுவிலோ உள்ள பெரிய அட்ஜஸ்டரில் ப்ளேயை ஏறக்குறைய சரியாக்கி லாக் நட்டை இறுக்குங்கள். நுணுக்கமான திருத்தத்தை மட்டும் லீவர் பக்கத்தில் செய்யுங்கள். இப்படிச் செய்தால் பாதி வழியில் திருத்த வேண்டியிருந்தாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் கைக்கு எட்டவில்லை என்று ப்ளேயைத் தின்றுவிடாதீர்கள். லீவரின் தூரத்தை மாற்றும் ஸ்குரூ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மகுரா போன்ற ஹைட்ராலிக் கிளட்ச் மாட்டியவர்களுக்குக் கேபிள் வேலை இல்லை, ஆனால் மகுராவுக்கு ஊற்றுவது மினரல் ஆயில். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் கெடும்.

ப்ளே ஏன் மாறுகிறது என்று புரிந்தால் பாதி அட்ஜஸ்ட்மென்ட் தானே வரும். பிளேட் தேயத் தேய அடுக்கு மெலியும், பிரஷர் பிளேட் உள்ளே போகும், ப்ளே குறையும். பிளேட் சூடானால் நேர்மாறு: அடுக்கு விரியும், ப்ளே கூடும், பிடிக்கும் இடம் ஹேண்டில் பக்கமாக நகரும். கடும் ஓட்டத்தின் நடுவே லீவர் தொளதொளவென்று ஆகிவிட்டதே என்று அட்ஜஸ்டரைத் திருகுபவர்கள், வண்டி ஆறியதும் ப்ளேயே இல்லாமல் நிற்பார்கள். மறுநாள் கிளட்ச் முதல் ஏற்றத்திலிருந்தே நழுவும். சூட்டில் திருகியே ஆக வேண்டிய நிலை வந்தால், எத்தனை சுற்று என்று நினைவில் வைத்து, நின்றதும் திருப்பிவிடுங்கள்.

தானியங்கிக் கிளட்ச்சுக்கு முதலில் ஐடிலை (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை) சரியாக வைக்க வேண்டும். அது கூடினால் கியரில் போட்டதும் வண்டி ஊரும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, லீவரின் ப்ளே மட்டும் உள்வாங்கும்படி அதில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று அழுத்துங்கள். உள்ளிருக்கும் தட்டு விரிந்து பிரஷர் பிளேட்டைத் தூக்குவதால் ப்ளே கூடி, லீவர் சற்று உள்ளே அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு என்பதைக் கிட்டோடு வரும் தாளில் பாருங்கள். அசையவே இல்லையென்றால் ஓட்டாதீர்கள், ப்ளேயை மறுபடி அட்ஜஸ்ட் செய்யுங்கள். பிடிக்கும் ஆர்பிஎம்மை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றித் திருத்தலாம்: கெட்டியானால் தாமதமாகப் பிடிக்கும், மென்மையானால் சீக்கிரம் பிடிக்கும்.

முதல் ஓட்டம்

ஆயில் ஊற்றி, அளவு பார்த்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியரில் போட்டு லீவரை இழுத்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சிறு பிசுபிசுப்போடு உருள வேண்டும். லீவரை விட்டால் நிற்க வேண்டும். தானியங்கியில் மட்டும் இது பொருந்தாது. லீவர் தாங்கியையே மாற்றியிருந்தால், லீவர் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் சாதாரணமாகக் கிளம்பி நிற்பதைப் பலமுறை செய்யுங்கள், நடுவே ஆறவிட்டு. ஆர்பிஎம்மை ஏற்றி லீவரைத் தட்டிவிடும் கிளம்பல் அன்றைக்கு வேண்டாம். வீடு திரும்பி, முழுக்க ஆறிய பிறகு ப்ளேயை மறுபடி அளங்கள். புதுப் பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிந்ததில் கொஞ்சம் குறைந்திருக்கும். லீவர் அட்ஜஸ்டரில் அந்த அளவைத் திருத்திவிடுங்கள். புது பிளேட்டுகளின் துகள் சேர்ந்திருக்கும் என்பதால் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுவது நல்லது. வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள்: கருமையாக, மென்தூளாக இருந்தால் சரி. மினுமினுக்கும் உலோகத் துணுக்குகள் தெரிந்தால் கவரை மறுபடி திறந்து, பாஸ்கெட்டின் விரல்களிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.